கேப்டன் வாய் திறந்தால்

அமெரிக்க ஹை ஸ்கூல்களில் அன்றிரவு ஆடப்போவது யார் யார் என்பது வெள்ளிக்கிழமை காலையிலேயே தெரிந்துவிடும். ஃபுட்பால் டீம் பையன்கள் எண் போட்ட ஜெர்சியோடுதான் கணக்கு வகுப்புக்கும் வேதியியல் வகுப்புக்கும் வருவார்கள். டெக்சாஸ், ஓஹையோ பக்கத்துச் சிற்றூர்களில் இரவு ஆட்டத்துக்குப் பாதி ஊர் திரண்டுவிடும். பள்ளி விளையாட்டுக்கான தேசியக் கூட்டமைப்பின் 2023-24 கணக்குப்படி, பள்ளி டீம்களில் ஆடியோர் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டியது. இரண்டு விளையாட்டு ஆடுகிறவரை இரண்டு முறை எண்ணுவார்கள் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும் பெரிய கூட்டம்தான். அந்தக் கூட்டம் போடும் ஷூ, வெட்டும் முடி, பேசும் கேலி எல்லாம் மற்ற மாணவர்களுக்கும் தொற்றும்.

சில ஆண்டுகளாக இந்த மாணவர்கள் இன்னொன்றையும் தொற்றவைக்கப் பார்க்கிறார்கள். அங்கே மே மாதம் மனநல விழிப்புணர்வு மாதம். 1949 முதல் அப்படித்தான். அதற்கான நிறம் பச்சை. ஷூ நாடா பச்சை, கைப்பட்டை பச்சை, தலைமுடியில் கட்டிய ரிப்பன் பச்சை. ஒரு ஆட்டத்தையே மனநலத்துக்கென்று ஒதுக்குகிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன்போ இடைவேளையிலோ கேப்டன் மைக்கைப் பிடித்து, போன வருஷம் தான் தூக்கமில்லாமல் தவித்ததையும் கவுன்சிலரிடம் போய்ப் பேசியதையும் சொல்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. விசில் ஒலிக்கிறது. ஆட்டம் தொடங்குகிறது.

இதனால் என்ன நடக்கிறது? இது நல்ல எண்ணம் என்பதில் சண்டையில்லை. நல்ல எண்ணத்தையும் அளந்து பார்க்கலாம் என்பதுதான் அறிவியலின் வழக்கம். அளந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கிடைத்த விடை ஒரே நேர்கோட்டில் இல்லை.

வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து பிடிக்கும் லாக்ரோஸ் விளையாட்டின் மைதானங்களில் இந்த ஆட்டங்களின்போது பச்சையோடு ஒரு வண்ணத்துப்பூச்சியையும் பார்க்கலாம். அது 'மார்கன்ஸ் மெசேஜ்' என்ற அமைப்பின் சின்னம். மார்கன் ராட்ஜர்ஸ் டியூக் பல்கலைக்கழக லாக்ரோஸ் வீராங்கனை. முழங்காலில் பட்ட காயம் அவரை நீண்ட காலம் மைதானத்துக்கு வெளியே உட்காரவைத்தது. காலுக்கு அறுவைச் சிகிச்சை, இயன்முறை மருத்துவர், நாள்தோறும் அட்டவணை என்று எல்லாமே நடந்தன. உள்ளே என்ன நடந்தது என்பது பெரும்பாலும் வெளியே தெரியவில்லை. 2019 ஜூலையில், 22 வயதில், அவர் தற்கொலையால் இறந்தார். குடும்பத்தினரும் தோழிகளும் 2020இல் அமைப்பைத் தொடங்கினார்கள். முழங்காலுக்குக் கிடைக்கும் கவனிப்பு மனதுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. கல்லூரிகளிலும் ஹை ஸ்கூல்களிலும் மாணவத் தூதர்களை நியமித்து இவர்கள் வேலை செய்கிறார்கள். தூதர்களில் பெரும்பாலோர் ஆட்டக்காரர்கள்.

இந்தக் காரியத்துக்கு அவசரம் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஹை ஸ்கூல் மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு எடுக்கிறது. அன்றாட வேலைகளை விட்டுவிடும் அளவுக்குத் தொடர்ச்சியான சோகமோ நம்பிக்கையின்மையோ இருந்தது என்று 2011இல் சொன்னவர்கள் 28 சதவீதம். 2021இல் 42 சதவீதம். மாணவிகளை மட்டும் எடுத்தால் 57. 2023இல் மொத்த அளவு 40க்கு இறங்கியது. அதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் இயல்பு.

ஆசிரியருக்குப் பதில் மாணவர்களே பேசினால் என்ன நடக்கும் என்பதற்குச் சுவையான சோதனை ஒன்று நியூ ஜெர்சியில் நடந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக்கும் சகாக்களும் 2012-13 கல்வியாண்டில் 56 நடுநிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்த விஷயம் மனநலம் இல்லை. மாணவர்களுக்கிடையிலான சண்டையும் சீண்டலும். சுமார் 24,000 மாணவர்களிடமும் ஒரு கேள்வி கேட்டார்கள்: கடந்த சில வாரங்களில் நீ யாரோடு நேரம் செலவழித்தாய்? அந்தப் பதில்களிலிருந்து ஒவ்வொரு பள்ளியின் நட்பு வரைபடமும் கிடைத்தது. பாதிப் பள்ளிகளில் சிறு குழு ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சண்டைக்கு எதிராக வெளிப்படையாக நிற்கும்படி ஊக்குவித்தார்கள். சுவரொட்டி, இணையப் பதிவு, நல்ல காரியம் செய்தவருக்கு ஆரஞ்சு நிறக் கைப்பட்டை என்று அந்தக் குழுவே யோசித்துச் செய்தது. ஓராண்டு முடிவில் இந்தப் பள்ளிகளில் பதிவான சண்டைப் புகார்கள் மற்ற பள்ளிகளைவிட 30 சதவீதம் குறைவு. குழுவில் வரைபடத்தின் மையப் புள்ளிகளாக இருந்த மாணவர்கள், அதாவது எல்லோரும் கூடச் சுற்றும் பிள்ளைகள், அதிகம் இருந்த இடத்தில் பலனும் அதிகம்.

இந்த மையப் புள்ளிகள் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள் என்றோ ஆசிரியருக்குப் பிடித்தவர்கள் என்றோ இல்லை. நம்முடைய பள்ளிகளில் இப்படி ஒரு திட்டம் வந்தால் முதல் ரேங்க் மாணவியைத்தான் மேடையேற்றுவோம் என்று தோன்றுகிறது. அமெரிக்க ஹை ஸ்கூலில் நட்பு வரைபடம் போட்டால் ஜெர்சிக்காரர்களில் பலர் நடுவில் வந்து விழுவார்கள் என்று ஊகிக்கலாம்.

சக மாணவரின் சொல் ஏன் இப்படி வேலை செய்கிறது? மனிதர்கள் தம் மனதை நேரடியாக அறிவார்கள். பிறர் மனதை வெளித்தோற்றத்திலிருந்து ஊகிப்பார்கள். 1993இல் டெபோரா ப்ரென்டிஸும் டேல் மில்லரும் பிரின்ஸ்டன் மாணவர்களின் குடிப்பழக்கத்தை ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் வளாகக் குடிப்பழக்கம் தமக்குச் சங்கடமாக இருப்பதாகவும், மற்ற எல்லோருக்கும் அது சகஜமாக இருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. தவித்த அத்தனை பேரும் தாம் மட்டுமே தவிப்பதாக நம்பினார்கள். லாக்கர் அறையில் இது இன்னும் கனம். ஆட்டத்தின் மொழியே வலியை மறைப்பது. கணுக்கால் சுளுக்கினாலும் 'ஒண்ணுமில்லை கோச்' என்றுதான் சொல்லப் பழகியிருப்பார்கள். பதினைந்து பேர் கொண்ட டீமில் ஆறு பேர் இரவில் தூங்காமல் கிடந்தாலும் அறுவருமே தான் ஒருத்தர்தான் பலவீனம் என்று நினைத்துக்கொள்வார்கள். கேப்டன் வாய் திறக்கும்போது அங்கே புதிய தகவல் எதுவும் சொல்லப்படுவதில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்று ஊருக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பெரிய நட்சத்திரங்கள் பேசினால் போதாதா? பேசியிருக்கிறார்கள். கூடைப்பந்து வீரர் கெவின் லவ் ஆட்டத்தின் நடுவே தமக்கு வந்த பீதித் தாக்குதலைப் பற்றி 2018இல் எழுதினார். சிமோன் பைல்ஸ் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் குழு இறுதிப் போட்டியிலிருந்து பாதியில் விலகினார். காரணம், காற்றில் சுழலும்போது உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போகும் நிலை, கழுத்தை முறித்துவிடக்கூடியது. அவரே 2024இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். இவை கதவைத் திறந்தன, மறுக்க முடியாது. ஆனால் மனநோய் மீதான இழிவுணர்வைக் குறைக்கும் முயற்சிகளைப் பற்றி பேட்ரிக் காரிகனும் குழுவினரும் 2012இல் 14 நாடுகளின் 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாதிப்பை அனுபவித்தவரை நேரில் சந்திப்பது காணொளியில் பார்ப்பதைவிட வலுவானது என்று தெரிந்தது. பாரிஸ் தங்கத்தைவிடப் பக்கத்து பெஞ்சுக்கு எடை அதிகம்.

அதே தொகுப்பாய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. மேடைப் பேச்சை மட்டும் நம்புகிறவர்களுக்கு அது பிடிக்காது. பெரியவர்களிடம் நேரடிச் சந்திப்பு நன்றாக வேலை செய்தது. பதின்பருவத்தினரிடம் தலைகீழ்: விஷயத்தை விளக்கிச் சொல்லிக்கொடுப்பதே கூடுதல் பலன் தந்தது. ஆகவே கேப்டன் கண்கலங்கப் பேசிவிட்டு இறங்கினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மனச்சோர்வு என்றால் என்ன, தோல்விக்குப் பிறகு இரண்டு நாள் முகம் தொங்குவதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது, எத்தனை நாள் நீடித்தால் யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் சொல்லித்தரப்பட வேண்டிய பாடங்கள்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். விளையாட்டே மனதுக்கு மருந்து என்கிறார்களே, ஆட்டக்காரர்களுக்கு ஏன் இந்தப் பாடம்? ஓடினால் எண்டார்பின் சுரக்கும், மனம் குளிரும் என்று எல்லா வார இதழ்களும் எழுதித் தீர்த்துவிட்டன. அந்தக் கதையில் சிறு ஓட்டை உண்டு. ரத்தத்தில் சுரக்கும் எண்டார்பின் பெரிய மூலக்கூறு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பை எளிதில் தாண்டாது. ஓட்டத்துக்குப் பிறகான இதத்துக்கு, உடலே தயாரிக்கும் கஞ்சா போன்ற வேதிப்பொருளான ஆனந்தமைடு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து 2003 முதல் வலுத்து வருகிறது. அது கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் போய்விடும். நம் 'ஆனந்தம்'தான் அதன் பெயருக்கும் மூலம்.

ஆனால் வேதியியல் மட்டும் காரணம் என்றால் எல்லா விளையாட்டும் ஒரே பலன் தர வேண்டுமல்லவா? தரவில்லை. மேட் ஹாஃப்மன் தலைமையில் 2022இல் வெளியான ஆய்வு 9 முதல் 13 வயதுள்ள 11,000க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளைப் பார்த்தது. குழு விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு, எதுவும் ஆடாதவர்களைவிடப் பதற்றமும் சோர்வும் குறைவு. டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ், மல்யுத்தம் போன்ற தனிநபர் விளையாட்டு மட்டும் ஆடுகிறவர்களுக்கோ எதுவும் ஆடாதவர்களைவிட அதிகம். எது காரணம், எது விளைவு என்று இந்த வகை ஆய்வு தீர்ப்புச் சொல்லாது. பதற்றமுள்ள பிள்ளை தனி விளையாட்டை நாடியிருக்கலாம். இருந்தாலும் வியர்வையோடு கூட இருப்பவர்களும் முக்கியம் என்ற குறிப்பு தெளிவாக இருக்கிறது.

கொரோனா இதே விஷயத்தை வேறு விதமாகக் காட்டியது. 2020 வசந்தத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிம் மெக்கைன் அந்த மாநிலப் பள்ளி வீரர்கள் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் கருத்துக் கேட்டார். முந்தைய ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்த மனச்சோர்வு அறிகுறிகள் மூன்றில் இரண்டு பங்கினரிடம் தென்பட்டன. நோய் பயம், வீட்டு நெருக்கடி எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சில பள்ளிகள் ஆட்டத்தைத் தொடங்கி, சில தொடங்காதபோது, ஆடக் கிடைத்தவர்கள் தேறியிருந்தார்கள்.

காயம் என்பது வீரருக்குத் தனிப்பட்ட ஊரடங்குதான். 'நீ யார்' என்று கேட்டால் 'நான் குவார்ட்டர்பேக்' என்று ஃபுட்பாலில் தான் ஆடும் இடத்தையே பதிலாகச் சொல்லும் பதினேழு வயதுப் பையனை எண்ணிப் பாருங்கள். 1993இல் பிரிட்டன் ப்ரூவரும் சகாக்களும் இந்த 'வீரர் அடையாளத்தை' அளக்க ஒரு கருவி செய்தார்கள். இந்த அடையாளம் ஒருவருக்குப் பலமும் பலவீனமும் ஆகலாம் என்பது அவர்கள் வாதம். அந்த அடையாளம்தான் விடியற்காலையில் எழுப்பி ஓடவைக்கிறது. முழங்கால் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதம், ஒரு வருஷம் என்று ஆட்டம் போகிறது. ஆட்டத்தோடு அடையாளமும் நண்பர்களோடு கழித்த மாலைகளும் சேர்ந்து போகின்றன. ஊன்றுகோல் எல்லோர் கண்ணிலும் படுகிறது, கதவைத் திறந்துவிடுகிறார்கள், புத்தகப் பையைத் தூக்கிக்கொள்கிறார்கள். மற்றது யார் கண்ணிலும் படுவதில்லை.

இனி, தவிக்கும் நண்பனைப் பார்த்தால் என்ன செய்வது என்ற கேள்வி. 1998இல் வடக்கு டகோட்டாவில் மார்க் லோமரே தொடங்கிய 'சோர்ஸஸ் ஆஃப் ஸ்ட்ரெங்த்' திட்டம் மாணவத் தலைவர்களைப் பயிற்றுவிக்கிறது. பீட்டர் வைமன் குழு இதை 18 ஹை ஸ்கூல்களில் குலுக்கல் முறையில் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டது. பெரிய பள்ளிகளில், தற்கொலை எண்ணத்தில் இருக்கும் நண்பரைப் பற்றிப் பெரியவர் ஒருவரிடம் சொன்னவர்கள், பயிற்சி பெறாத தலைவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களில் நான்கு மடங்கு. பெரியவர்கள் உதவுவார்கள் என்ற நம்பிக்கை பள்ளியின் மற்ற மாணவர்களிடமும் உயர்ந்தது. இந்த மாணவர்களை யாரும் குட்டி மருத்துவர்களாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ரகசியத்தைத் தனியே சுமக்காமல் கைமாற்றிக் கொடுப்பது மட்டுமே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பதினாறு வயதில் நட்பின் இலக்கணமே 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்பதுதான். அதை ஒரே ஒரு விஷயத்தில் மீறலாம், மீற வேண்டும் என்று சொல்ல ஒரு சீனியர் வேண்டியிருக்கிறது.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் பெற்றோருக்கும் கோச்சுகளுக்கும் உண்டு. நியாயமான பயம்தான், அதனால்தான் அதையும் சோதித்தார்கள். மேடலின் கூல்ட் குழு நியூயார்க் மாநிலத்தின் 6 ஹை ஸ்கூல்களில் 2,342 மாணவர்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கேட்டது. 2005இல் வெளியான முடிவு: கேட்கப்பட்டவர்களிடம் மனவுளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்வில் இருந்தவர்களிடம் சற்றுக் குறைந்ததாகவே தெரிந்தது. நேராக, பதறாமல் கேட்கலாம். கேட்ட பிறகு அழைக்க அமெரிக்காவில் 2022 ஜூலை முதல் 988 என்ற எண் இருக்கிறது. இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926. இதைப் படிக்கும்போதே யாருடைய முகமாவது நினைவுக்கு வந்தால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்பது வேறு, மைக்கில் விவரிப்பது வேறு. மறைந்த தோழியின் பெயரில் நடக்கும் ஆட்டத்தில் அவர் எப்படி இறந்தார் என்று விவரித்தாலோ, இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாள் என்று பேசினாலோ, கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது ஆபத்து. தற்கொலைச் செய்திகள் தற்கொலைகளைப் பெருக்குவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. இதற்கு எதிர்த் திசையும் உண்டு. வியன்னாவின் தாமஸ் நீடர்குரோட்டென்தாலர் குழு 2010இல் ஆஸ்திரியச் செய்தித்தாள்களை ஆராய்ந்தபோது, அந்த எண்ணம் வந்தும் அதிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வெளிவந்த பின் தற்கொலைகள் குறைந்திருந்தன. மோட்சார்ட்டின் 1791ஆம் ஆண்டு இசைநாடகத்தில் மூன்று சிறுவர்கள் தற்கொலையிலிருந்து தடுத்து நிறுத்தும் பறவை பிடிப்பவன் பாபகேனோவின் பெயரை இந்த விளைவுக்கு வைத்தார்கள். கேப்டன் தான் மீண்ட வழியைச் சொல்லும்போது அந்தச் சிறுவர்களின் வேலையைத்தான் செய்கிறார்.

எல்லாம் சரி, இவ்வளவு பேசுவதே சிக்கலாகுமா? லூசி ஃபவுல்க்ஸும் ஜாக் ஆண்ட்ரூஸும் 2023இல் இந்தக் கேள்வியை நேராகவே எழுப்பினார்கள். ஓயாத விழிப்புணர்வால் சில இளைஞர்கள் சாதாரண வருத்தத்தையும் நோய் என்று படிக்கத் தொடங்கி, அந்தப் பெயராலேயே வருத்தம் முற்றிவிடக்கூடும் என்பது அவர்கள் கருதுகோள். இன்னும் நிறுவப்படாத கருதுகோள்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு முடிவு வெளியான, பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000க்கும் அதிகமான மாணவர்களுக்கு மனக்கவனப் பயிற்சி கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் பலன் எதுவும் தெரியவில்லை. 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், உணர்ச்சிகளைக் கையாளும் பாடம் ஒன்றை எல்லா மாணவர்களுக்கும் நடத்தியபோது, முடித்தவுடன் எடுத்த அளவீட்டில் சோர்வும் பதற்றமும் சற்றுக் கூடியிருந்தன. நன்றாக இருக்கும் பிள்ளை, ஆட்டத்துக்கு முந்தின இரவின் படபடப்பை 'எனக்குப் பதற்றக் கோளாறு' என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பாடம் அவளுக்கு நல்லது செய்யவில்லை. படபடப்பு உடல் தயாராவதன் அடையாளம் என்பதை எந்த நல்ல கோச்சும் சொல்லித்தருவார். அதுவும் மனநலப் பாடத்தின் பகுதியே.

இந்த முடிவுகளை அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. பச்சை நாடா மட்டும் என்றால், வழிகாட்டிப் பலகையை நட்டுவிட்டு ரோடு போடாத கதை. பலன் காட்டிய திட்டங்களின் மறுமுனையில் பெயர் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் நின்றார். அந்த முனைதான் அமெரிக்கப் பள்ளிகளில் மெலிந்து கிடக்கிறது. 250 மாணவருக்கு ஒரு கவுன்சிலர் வேண்டும் என்பது அங்குள்ள பள்ளிக் கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை. 2022-23இல் தேசிய சராசரி 385 மாணவருக்கு ஒருவர். கல்லூரி விண்ணப்பமும் பாடத் தேர்வும் அவர் மேஜையில்தான் குவிகின்றன. கேப்டனின் பேச்சைக் கேட்டுத் திங்கட்கிழமை பத்துப் பேர் அந்தக் கதவைத் தட்டினால், பத்தாவது ஆளுக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று கேட்காமல் மைக்கைக் கொடுப்பது பிள்ளைகள் மீது பாரத்தை ஏற்றுவதாகும்.

எனவே பார்வை கோச் பக்கம் திரும்புகிறது. தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கிறவர் அவர். யார் சாப்பிடுவதில்லை, யார் திடீரென்று எல்லோரிடமும் எரிந்து விழுகிறார்கள் என்பது பெற்றோருக்கு முன் அவர் கண்ணில் படும். தேசியக் கூட்டமைப்பு இதற்கென ஒரு பயிற்சியை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஓஹையோ மாநிலம் 2023இல் பள்ளிக் கோச்சுகள் மனநலப் பயிற்சி பெறுவதைச் சட்டமாகவே ஆக்கியது.

சான்றிதழ் வாங்கிய கோச்சையும் டீம் தன் வழியில் சோதிக்கும். ஒரு வீராங்கனை வந்து, இந்த வாரம் என்னால் முடியவில்லை, ஆட வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்கிறாள். கோச் தலையசைத்து நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்புகிறார். அந்தப் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் தேறித் திரும்பி வந்த பிறகு, முதல் ஆட்டத்துக்கு ஒட்டப்படும் பட்டியலில் அவள் பெயர் பழைய இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.